பெரம்பூர் டீச்சர் லைப்ரரி: மலையாள நாவலுக்கு நம்பிப் போகலாம், கவிதைக்குத்தான் பஞ்சம்

மலையாள நாவல்களைத் தமிழில் படிக்க ஆசை, எதில் தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் இப்போது பட்டியல் எதுவும் போடுவதில்லை. சென்னை பெரம்பூருக்குப் போங்கள், டீச்சரைப் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான், ஒரு தையல் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிற வாடகை நூலகம். பெயர்ப் பலகை கிடையாது. தெருவில் யாரைக் கேட்டாலும் "டீச்சர் லைப்ரரியா, மேல போங்க" என்று கை காட்டுவார்கள்.

டீச்சர் பாலக்காட்டுக்காரர். கணவர் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1955இல் அந்தத் தொழிற்சாலை வந்ததிலிருந்தே ரயில்வே வேலைக்கென்று வந்து பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் தங்கிவிட்ட மலையாளக் குடும்பங்கள் நிறைய உண்டு, அப்படி ஒன்று இவர்களுடையது. இங்கேயே ஒரு பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், அதனால் முன்னாள் மாணவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பக்கத்துக் கடைக்காரர்கள், கொரியர் பையன் எல்லாருக்குமே டீச்சர்தான்.

முன்னறையில் குடும்ப நாவல், துப்பறியும் கதை, போட்டித் தேர்வுப் புத்தகம் என்று எல்லா வாடகை நூலகத்திலும் இருப்பவைதான் இருக்கின்றன. உள்ளறையில்தான் விஷயம். ஒரு சுவர் முழுக்க மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த புத்தகங்கள். டெபாசிட் 300 ரூபாய், புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, பதினைந்து நாள் தவணை. இதில் ஒரு நல்ல விஷயம், பழைய பதிப்புக்கு அதில் அச்சடித்திருக்கும் விலையைத்தான் கணக்குப் பார்க்கிறார். அதனால் சாகித்திய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் போட்ட பழைய பதிப்புகளை இரண்டு ரூபாய், மூன்று ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு வரலாம்.

அந்தச் சுவரில் புத்தகங்கள் ஆசிரியர் பெயர்ப்படி அடுக்கப்படவில்லை, மொழிபெயர்த்தவர் பெயர்ப்படி இருக்கின்றன. சுந்தர ராமசாமிக்கு ஒரு தட்டு, குளச்சல் யூசுஃபுக்கு ஒன்று, நிர்மால்யாவுக்கு ஒன்று, யூமா வாசுகி, குறிஞ்சிவேலன், கே.வி. ஷைலஜா, சுகுமாரன், இளம்பாரதி என்று வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "எழுதினவங்க பேரு அட்டையில பெரிசா இருக்கு, அவங்களை எல்லாரும் தேடி வர்றாங்க. இவங்களை யாரு தேடி வர்றாங்க?" என்றார். முதலில் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது, பழகிவிட்டால் இதுதான் வசதி. குளச்சல் யூசுஃப் மொழிபெயர்த்த பஷீர் பிடித்துப்போனவர் அதே தட்டில் கையை நீட்டினால் இந்துகோபனின் ‘திருடன் மணியன்பிள்ளை’ கிடைக்கிறது, யூசுஃபுக்கு 2018இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது வாங்கித் தந்தது. ஒரு திருடன் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் புத்தகம், புளியந்தோப்புப் பையன்கள் மத்தியில் கைமாறிக்கொண்டே இருப்பதாக டீச்சர் சொன்னார்.

நான் இந்த இடத்தைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் புத்தக எண்ணிக்கையோ வாடகையோ இல்லை. டீச்சர் ஆளைப் பார்த்துப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறார். என்ன வேலை, எந்த ஏரியா, வீட்டில் யார் யார், கடைசியாக எதைப் படித்துப் பாதியில் வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து உள்ளே போவார்.

காசிமேட்டிலிருந்தோ திருவொற்றியூர்க் குப்பங்களிலிருந்தோ யாராவது வந்தால் கை நேராக ‘செம்மீன்’ பக்கம் போகும். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் எழுதியது, மறு ஆண்டே சாகித்திய அகாதெமி விருது, தமிழில் சுந்தர ராமசாமி. படம் வந்து பேர் வாங்கியதால் கதை பலருக்கும் தெரிந்திருக்கும்: மீனவப் பெண் கறுத்தம்மா, அவள் காதலிக்கும் வியாபாரி பரீக்குட்டி, அவளைக் கட்டிக்கொண்ட மீனவன் பழனி, அப்புறம் கரையில் மனைவி ஒழுக்கமாக இருந்தால்தான் கடலுக்குப் போனவன் உயிரோடு திரும்புவான் என்கிற அந்த நம்பிக்கை. ஒரு சாயங்காலம் நான் உள்ளறையில் இருந்தபோது, காசிமேட்டில் ஏலம் எடுத்துக் கூடையில் மீன் விற்கும் ஒரு அக்கா இந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மேசையில் வைத்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"ஏன் டீச்சர், கடலுக்குப் போனவன் வரலன்னா காத்து காரணம், என்ஜின் காரணம், குறுக்க வந்த கப்பல் காரணம். ஊட்ல கீற பொம்பள எப்டி காரணம் ஆவா?"

"அதைத் தகழி நம்பினாருன்னு நினைக்காதீங்கம்மா. அந்தக் கரை நம்பினதை அவர் எழுதினார்."

"சரி, அது கெடக்கட்டும். அந்தச் செம்பன்குஞ்சு பண்ணாம் பாரு, அதான் எனக்கு ஆறல. அந்தப் பையன்கிட்ட கருவாடும் காசும் வாங்கித் தோணி வாங்கினான், வலை வாங்கினான். திருப்பிக் குடுக்கணும்னு தோணுச்சா அவனுக்கு?"

எனக்கு இது பெரிய திறப்பு. செம்மீனைக் காதல் கதை என்றே எல்லாரும் சொல்லி, நானும் அப்படியேதான் படித்து வைத்திருந்தேன். பரீக்குட்டி கொடுத்த கடன் ஒவ்வொரு அத்தியாயத்திலும் வந்து நிற்கிறது. கறுத்தம்மா தன் அப்பன் செம்பன்குஞ்சிடம் போராடுவதே அந்தக் கடனைத் திருப்பிக் கொடு என்றுதான். பரீக்குட்டி ஒடிந்துபோவதும் கொடுத்த பணம் திரும்பி வராமல் வியாபாரம் படுத்துப்போனதால்தான், அதில் காதலுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு காசுக்கும் இருக்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர் பிடிபாட்டை அவரிடமே போட வேண்டிய கட்டாயத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது முதல் வாசிப்பிலேயே கண்ணில் படுகிறது. புறக்காட்டுக் கரையைப் பற்றி எழுதிய நாவலுக்குக் காசிமேட்டில் இப்படி ஒரு வாசகி கிடைத்ததைத் தகழி அறிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அதே தட்டில் ‘தோட்டியின் மகன்’ இருக்கிறது. 1947இல் தகழி எழுதியது, இதுவும் சுந்தர ராமசாமி தமிழாக்கம்தான், அவர் இளம் வயதில் செய்தது. ஆலப்புழை நகராட்சியில் மலம் அள்ளிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறை: இசக்கிமுத்து, சுடலைமுத்து, மோகனன். நம் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்களின் வாழ்க்கையை ஒரு மலையாள எழுத்தாளர் எழுதி, அது திரும்பத் தமிழுக்கு வந்திருக்கிறது. சுடலைமுத்துவுக்கு ஒரே ஆசை, மகன் இந்த வேலைக்கு வரக்கூடாது. அதற்காகக் காசு சேர்க்கிறான், கூட வேலை செய்கிறவர்களுக்கே துரோகம் செய்கிறான், கடைசியில் காலரா வந்து போய்விடுகிறான், மகன் கையில் அதே வாளி. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்னால் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்களே, அந்த நாட்களில் டீச்சர் இந்தப் புத்தகத்துக்கு வாடகையே வாங்கவில்லை. இங்கே எல்லாப் புத்தகத்தின் பின் உள்ளட்டையிலும் ஒரு தாள் ஒட்டியிருப்பார், படித்தவர்கள் பென்சிலால் ஏதாவது எழுதலாம். இந்தப் பிரதியின் தாளில் கோணலான கையெழுத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்க அப்பாவும் என்ன படிக்க வெச்சாரு. நானும் குப்ப வண்டிலதான் கீறேன். சுடலமுத்து மேல கோவம் வரல." நான் படித்த எந்த விமர்சனக் கட்டுரையும் சுடலைமுத்துவை இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்க்கவில்லை.

பஷீர் விஷயத்தில் டீச்சருக்கு ஒரு வரிசை உண்டு, நானும் அதையே சொல்வேன்: முதலில் ‘மதில்கள்’, பிறகு ‘பால்யகால சகி’, அப்புறம் ‘பாத்துமாவின் ஆடு’, ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’. வைக்கம் முகம்மது பஷீர் 1908இல் பிறந்து 1994இல் மறைந்தவர், பெரிய தடிமனான நாவல் எதுவும் எழுதவில்லை, இருக்கிற சின்னப் புத்தகங்களையே திரும்பத் திரும்பப் படிக்கலாம். ‘மதில்கள்’ பிரதியை மட்டும் டீச்சர் உள்ளறையில் வைப்பதில்லை, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார். புழல் சிறையில் இருக்கும் தம்பியை மனு போட்டுப் பார்த்துவிட்டு வந்த ஒரு பெண் சின்னதாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டபோது இதைக் கொடுத்தாராம், அந்தப் பெண் இரண்டாவது முறையும் அதையே கேட்டு வாங்கிப் போனாராம். திருவனந்தபுரம் மத்திய சிறையில் கைதியாக இருக்கும் பஷீர், மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறையிலிருந்து வரும் நாராயணியின் குரல், அவள் வந்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக மதிலுக்கு மேலே எழும்பி விழும் ஒரு காய்ந்த குச்சி. முகத்தையே பார்க்காத காதல். ஆஸ்பத்திரியில் சந்திக்கலாம் என்று நாள் குறித்து வைத்திருக்கும்போது விடுதலை உத்தரவு வந்து நிற்கிறது, அந்த விடுதலையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? சுகுமாரனின் தமிழ் அவ்வளவு இயல்பாக இருக்கிறது, ஒரே மூச்சில் முடித்துவிடுவீர்கள்.

பென்யாமினின் ‘ஆடு ஜீவிதம்’ கேட்டுப் போகாதீர்கள், 2024இல் படம் வந்ததிலிருந்து அது ரேக்குக்குத் திரும்புவதே இல்லை. பாலச்சந்திரன் சுள்ளிக்காட்டின் ‘சிதம்பர நினைவுகள்’ளும் அப்படித்தான், ஷைலஜா தமிழில் கொண்டுவந்தது, மூன்று பிரதி இருந்தும் மூன்றும் வெளியே. அதில் சிவாஜியைப் பார்க்கப் போன கட்டுரையைப் படித்துவிட்டு அழுதவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். எம்.டி. வாசுதேவன் நாயருக்கு அவர் 2024 டிசம்பரில் மறைந்த பிறகு தேடல் கூடியிருக்கிறது, பீமன் கண் வழியாக மகாபாரதத்தைப் பார்க்கும் ‘இரண்டாம் இடம்’ குறிஞ்சிவேலன் தட்டில் கிடைக்கும். எம். முகுந்தனின் ‘மய்யழிக் கரையோரம்’ இளம்பாரதி தட்டில், பிரெஞ்சுக்காரர் காலத்து மாஹேயைப் பற்றியது, புதுச்சேரியில் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்னும் நன்றாக ஒட்டும்.

பெண்கள் எழுதியதைக் கேட்டால் டீச்சர் முகமே மாறிவிடும். லலிதாம்பிகா அந்தர்ஜனத்தின் ‘அக்னிசாட்சி’யைத்தான் முதலில் நீட்டுகிறார், சிற்பி தமிழில் தந்தது. நம்பூதிரி வீட்டு அகத்துக்குள் பெண்கள் அடைபட்டுக் கிடந்ததை அந்த வீட்டுக்குள்ளிருந்தே ஒரு பெண் எழுதுவது என்பது 1976இல்கூடச் சாதாரண விஷயம் இல்லை. மாதவிக்குட்டியின் ‘என் கதை’யை நிர்மால்யா மொழிபெயர்ப்பில் எடுக்கலாம். கல்லூரிப் பிள்ளைகள் அதை மறைத்துக் கேட்பதாகவும், தான் எல்லார் முன்னாலும் சத்தமாகப் பெயர் சொல்லிக் கொடுப்பதாகவும் டீச்சர் சொன்னார், நல்ல காரியம். அதே நிர்மால்யா தட்டில் சாரா ஜோசப்பின் ‘ஆலாஹாவின் பெண்மக்கள்’ இருக்கிறது, நான் எல்லாருக்கும் கட்டாயம் சொல்வது இதைத்தான். திருச்சூர் ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட கோக்காஞ்சிறை என்கிற குடியிருப்பு, அங்கே வளரும் ஆன்னி என்கிற சிறுமி. ஊரின் அழுக்கையெல்லாம் சுமந்த இடம், நகரம் வளர வளர அந்த நிலத்தின் மேலேயே கண் வைக்கிறது. நம் சென்னையின் கண்ணப்பர் திடலையோ மூலக்கொத்தளத்தையோ தெரிந்தவர்கள் இந்த நாவலை வேற்றூர்க் கதையாகப் படிக்க முடியாது.

ஒரு விஷயத்தில் டீச்சரோடு எனக்கு உடன்பாடில்லை. ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாச’த்தைக் கேட்டால் "இன்னும் பத்துப் புத்தகம் படிச்சிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். சொந்த ஊர்க்காரர் என்ற உரிமை அது. கசாக்குக்கு மூலமான தஸ்ராக் பாலக்காட்டுக்குப் பக்கத்தில்தான். புத்தகம் கடினம்தான், மறுக்கவில்லை. ஓராசிரியர் பள்ளிக்கு வாத்தியாராக வந்து சேரும் ரவி, அல்லாப்பிச்சை மொல்லாக்கா, அப்புக்கிளி, பாதி கனவு பாதி வெயில் என்று நேர்க்கோட்டில் போகாத கதை. அதற்காகப் பத்துப் புத்தகம் காத்திருக்க வேண்டுமா? யூமா வாசுகியின் தமிழில் அந்தப் பனங்காட்டுக் காற்று முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது, 2017இல் அவருக்கு மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது இதற்காகத்தான். புரியாத பக்கத்தைத் தாண்டிப் போனாலும் அப்புக்கிளி மனசில் நிற்பான். விஜயன் நம் மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர் என்று சொல்லி இரண்டு கல்லூரி மாணவர்களை ஆசைகாட்டி அழைத்துப் போனேன், டீச்சர் அவர்களுக்கும் முதலில் பஷீரைத்தான் கொடுத்தார்.

இப்போது குறைக்கு வருகிறேன். கவிதை இல்லை. இருக்கிற கவிதைப் புத்தகங்களை ஒரு கையால் அள்ளிவிடலாம், அதிலும் பெரும்பாலும் சச்சிதானந்தன்தான். ஞானபீட விருது முதன்முதலாக 1965இல் கொடுக்கப்பட்டதே மலையாளக் கவிஞர் ஜி. சங்கர குருப்புக்கு. மலையாளத்துக்கு இதுவரை கிடைத்த ஆறு ஞானபீடத்தில் மூன்று கவிஞர்களுடையது, ஜி., ஓ.என்.வி. குருப்பு, அக்கித்தம். பொற்றேகாட், தகழி, எம்.டி. என்ற மற்ற மூன்று பேரும் இந்தச் சுவரில் தாராளமாக இருக்கிறார்கள். அந்த மூன்று கவிஞர்களில் ஒருவர்கூட இல்லை. ஆற்றூர் ரவிவர்மா சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யையும் ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளையும் மலையாளத்துக்குக் கொண்டுபோனவர், தமிழுக்கு அவ்வளவு செய்த கவிஞருக்கு இங்கே ஒரு மெல்லிய புத்தகமாவது இருக்க வேண்டாமா? சைலண்ட் வேலி என்கிற மௌனப் பள்ளத்தாக்குக் காட்டைக் காப்பாற்றப் போராடிய கவிஞர் சுகதகுமாரியும் இல்லை, எண்ணூர்க் கழிமுகத்தில் படியும் அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றிப் பேசுகிற நம் பிள்ளைகள் படிக்க வேண்டியவர் அவர்.

இதில் டீச்சர் மேல் முழுப் பழியையும் போட முடியாது. நாவல்களுக்கு நிற்கிற மாதிரி மலையாளக் கவிதைக்குத் தமிழில் தொடர்ந்து ஆள் நிற்கவில்லை, வந்த ஒன்றிரண்டும் மறுபதிப்பு காணாமல் போய்விடுகின்றன. குறையை அவர் தன்னால் முடிந்த வழியில் ஈடு செய்கிறார், கவிதை கேட்டால் தானே சொல்லிவிடுகிறார். வைலோப்பிள்ளியின் ‘மாம்பழம்’ சொன்னபோது நான் இருந்தேன். மாம்பூங்கொத்தை ஒடித்த குழந்தையை அம்மா திட்டுகிறாள், இனி மாம்பழம் பொறுக்க வரமாட்டேன் என்று குழந்தை முகம் வாடிச் சொல்கிறது, பழம் பழுப்பதற்குள் குழந்தை போய்விடுகிறது. பிறகு முற்றத்தில் விழுகிற முதல் பழத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மா நிற்கிறாள். மலையாளத்தில் நாலு வரி, தமிழில் விளக்கம், மறுபடி நாலு வரி என்று, வாடகைக் கணக்கு நோட்டைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு சொன்னார், எதிரே புத்தகம் மாற்ற வந்தவர்கள் நின்றுகொண்டே கேட்டார்கள்.

குமாரன் ஆசானைப் பற்றியும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். நாராயண குருவின் சீடர், 1907இல் ‘வீணபூவு’ எழுதியவர், 1922இல் சென்னையில் வேல்ஸ் இளவரசர் கையால் பட்டும் வளையும் பெற்றவர், 1924இல் பல்லனையில் படகு கவிழ்ந்து இறந்தவர். அவர் பெயரில் சென்னையிலிருந்தே ஒரு கவிதை விருது கொடுக்கிறார்கள். 2010 அக்டோபரில் அதை வாங்க இங்கே வந்திருக்க வேண்டிய ஏ. அய்யப்பன், விழாவுக்குச் சில நாள் முன்னால் திருவனந்தபுரத்துத் தெருவோரத்தில் மயங்கிக் கிடந்து இறந்துபோனார். நம் ஊர் வரைக்கும் இப்படித் தொட்டுக்கொண்டு போகிற கவிஞர்களை வாய்மொழியாகக் கேட்டு வைத்திருக்கிறேனே தவிர ஒரு பக்கம் படிக்கக் கிடைக்கவில்லை, அது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

மற்ற சங்கடங்களையும் சொல்லிவிடுகிறேன். படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே தையல் கடையில் சொல்லி அனுப்பினால் டீச்சர் பையனிடம் புத்தகம் கொடுத்துவிடுகிறார். உள்ளறையில் ஒரே ஒரு டியூப்லைட், மேல்தட்டுப் பெயர்களைப் படிக்க செல்போன் வெளிச்சம் வேண்டும். எல்லாம் நோட்டுக் கணக்கு, எந்தப் புத்தகம் உள்ளே எது வெளியே என்று போன் போட்டுக் கேட்க முடியாது, நேரில்தான் போக வேண்டும். பழைய பதிப்புகளில் சிலவற்றில் பக்கம் போயிருக்கிறது, எந்தப் பக்கம் இல்லை என்று முதல் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறார், எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிபே உண்டு. சாயங்காலம் 4 முதல் 8 வரை, செவ்வாய் விடுமுறை. வண்டி நிறுத்த இடமே இல்லை, ரயிலிலோ பஸ்ஸிலோ போவது உத்தமம்.

ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று கவிதைக்காக, அதையும் டீச்சரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். அவர் பழைய புத்தகம் விலை கொடுத்தே வாங்குகிறார். மலையாளக் கவிதைத் தமிழாக்கம் எதுவாவது உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆசான், வைலோப்பிள்ளி, சுகதகுமாரி, அய்யப்பன் யாராக இருந்தாலும் சரி, ஏதோ ஒரு பழைய சிற்றிதழில் வந்த நாலு பக்கமாக இருந்தாலும் சரி, விற்க மனசில்லை என்றால் நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார்.